தொகுதி எண்

சேலம் அம்மாபேட்டையில் இருமல் மருந்து வாங்குவோர் புட்டியின் மீது பெயரையும் விலையையும் பார்ப்பர். காலாவதி நாளைச் சிலரே பார்ப்பர். அதனருகே சிறிய எழுத்தில் அச்சிடப்பட்ட தொகுதி எண்ணை நோக்குவோர் மிக அரியர். மருந்துக்கடைகளில் 'பேட்ச் நம்பர்' என வழங்குவது அதுவே. ஒருமுறை ஒரே கலவையாகத் தயாரிக்கப்பட்ட மருந்துப் புட்டிகள் யாவும் அவ்வெண்ணையே தாங்கி வரும்.

2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தில், பெரும்பாலும் சிந்த்வாரா மாவட்டத்தில், இருமல் மருந்து அருந்திய 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அம்மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆலையில் எடுத்த மாதிரியில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் 48.6 விழுக்காடு இருந்தது. மருந்தில் கரைப்பானாகச் சேர்க்கப்படும் புரோப்பிலீன் கிளைக்காலைப் போலவே அதுவும் நிறமற்றது, இனிப்பது. கண்ணாலோ நாவாலோ அதனை அறிய இயலாது. ஆய்வில் அகப்பட்ட தொகுதி எஸ்ஆர்-13. தம் வீட்டுப் புட்டி அத்தொகுதியைச் சேர்ந்ததா என அறியப் பெற்றோர்க்கு இருந்த வழி, மேலே ஒட்டியுள்ள தாளைப் படிப்பது ஒன்றே.

மருந்துக்கடை ரசீதிலும் இவ்வெண் இடம்பெறும். சில ரூபாய் குறையுமென்று ரசீதை வேண்டா என்போர் இழப்பது பெரிது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் முறையிடுவார்க்கு அதுவே முதற்சான்று. கட்டணம் பெறும் மருத்துவமனைகளின் சேவையும் அச்சட்டத்திற்கு உட்பட்டதே என உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்துள்ளது.