மண்ணெண்ணெயில் மிதக்கும் உலோகம் மூளையைக் காக்குமா?

ஆய்வுக்கூடத்தில் சோடியம் மண்ணெண்ணெயில் மூழ்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் குடும்பத்தைச் சேர்ந்த லித்தியமோ மண்ணெண்ணெயிலும் மிதக்கும்! உலோகங்களிலேயே மிக இலேசானது அதுதான்.

லித்தியம் உப்பு மனநோயைத் தணிக்கும் என்று 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் அறிவித்தார். பக்கவாதத்திற்கும் அது உதவுமா என்பதே இன்றைய கேள்வி.

மூளையின் இரத்தக் குழாய் அடைபட்டால் பிராணவாயு கிடைக்காமல் செல்கள் மடிகின்றன. அவற்றின் அழிவுக்குத் துணைபோகும் நொதிகளுள் ஒன்று ஜி.எஸ்.கே.-3. லித்தியம் அயனி அதன் வேகத்தைக் குறைக்கிறது. எலிகளில் நல்ல பலன் தெரிந்தது.

மனிதரில்? ஈரானில் நடந்து 2014-இல் வெளியான சோதனையில், மொத்தத்தில் லித்தியம் உண்டவர்களுக்கும் வெற்று மாத்திரை உண்டவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மூளையின் புறணி பாதிக்கப்பட்டவர்களிடம் மட்டும் கூடுதல் முன்னேற்றம் காணப்பட்டது.

இதை வெற்றி எனலாமா? அவசரம் வேண்டாம். நாணயத்தை நான்கு முறை சுண்டினால் நான்கும் தலையாகவே விழக்கூடும் அல்லவா? சிறு பிரிவில் தற்செயலும் பலன்போல் தோன்றும். அத்தகைய நோயாளிகள் பலரிடம் மீண்டும் சோதித்தாக வேண்டும்.

மற்றொன்று: இரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 1 மில்லிமோல் இருந்தால் லித்தியம் மருந்து, 2 ஆனால் நஞ்சு. நம்பிக்கையையும் அளந்தே வைப்போம்.