மழையா, பனியா? கரையோரப் பனிப்புயலின் கணக்கு

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் குளிர்காலத்தில் "நார்ஈஸ்டர் வருகிறது" என்று வானிலை அறிக்கை சொல்லிவிட்டால் போதும், அன்று மாலையே கடைகளில் பாலும் ரொட்டியும் தீர்ந்துவிடும். வடகிழக்கிலிருந்து கரையை நோக்கிக் காற்று அடிப்பதால் வந்த பெயர் இது. வாஷிங்டன், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க், பாஸ்டன் எல்லாம் இதன் பாதையில் வரிசையாக அமைந்திருக்கின்றன. பிள்ளைகள் நியூ ஜெர்சியிலோ பாஸ்டனிலோ வேலை பார்க்கும் நம் ஊர்க் குடும்பங்களுக்கும் இப்போது பழகிப்போன பெயர்தான்.

நம் வங்கக் கடல் புயலைப் போலவே இதுவும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. ஆனால் இரண்டுக்கும் தீனி வேறு. வங்கக் கடல் புயல் வெதுவெதுப்பான கடலிலிருந்து எழும் ஈரத்தையும் வெப்பத்தையும் உண்டு வளர்வது. குளிர்ந்த, வறண்ட காற்று உள்ளே புகுந்தால் துவண்டுபோகும். நார்ஈஸ்டர் அந்தக் குளிர்காற்று இல்லாமல் பிறக்கவே பிறக்காது. கனடாவிலிருந்து இறங்கும் ஆர்க்டிக் காற்றும், கரோலினா கரையை ஒட்டி வடக்கே ஓடும் கல்ஃப் நீரோட்டத்தின் மேலுள்ள வெப்பக் காற்றும் ஒன்றையொன்று நெருக்கும் இடம்தான் இதன் பிறப்பிடம். ஜனவரியில்கூட அந்த நீரோட்டம் 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். கொஞ்ச தூரத்தில் தரையோ பூஜ்யத்துக்குக் கீழே உறைந்து கிடக்கும்.

மேலே வெகு உயரத்தில் விரையும் ஜெட் காற்று, இந்த இடத்தின் மேலுள்ள காற்றை அள்ளிக்கொண்டு போகும். அதனால் கடல்மட்டத்தில் அழுத்தம் சரிகிறது, புயல் சுழலத் தொடங்குகிறது. சில சமயம் அந்தச் சரிவு மிக வேகமாக நடந்துவிடும். 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 24 மில்லிபார் குறைந்தால் அதை வானிலையாளர்கள் 'பாம்' என்கிறார்கள். ஃப்ரெட் சாண்டர்ஸ், ஜான் கியாக்கும் என்ற இருவர் 1980-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையால் நிலைத்த பெயர் அது.

புயல் உருவாகப்போகிறது என்று முன்கூட்டியே சொல்வது இப்போது பெரிய வித்தை இல்லை. 1993 மார்ச்சில் வந்த பெரும்புயலை ஐந்து நாட்களுக்கு முன்பே கணித்துவிட்டார்கள். கரையில் நிற்பவருக்குக் கிடைக்கப்போவது மழையா பனியா, பனி என்றால் கணுக்கால் அளவா இடுப்பளவா என்று சொல்வதுதான் கஷ்டம்.

இதற்கு ஒரு பனித்துகளைப் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இலேசானது. கரைக்கும் அப்பலாச்சியன் மலைகளுக்கும் நடுவே தேங்கிக் கிடக்கும் குளிர்காற்று கனமானது. ஆகவே ஈரக்காற்று, சாய்தளத்தில் வண்டி ஏறுவது போல, குளிர்காற்றின் முதுகில் ஏறிப்போகிறது. ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகிறது. மேகத்தில் மைனஸ் 15 டிகிரியை ஒட்டிய அடுக்கு ஒன்று உண்டு. அங்கே நுண்ணிய நீர்த்துளிகள் ஆவியாகிக் குறைய, அந்த ஆவி பனிப்படிகத்தில் போய்ப் படியும். ஆறு கைகள் கிளைவிட்டு, ஒவ்வொரு கையிலும் சிறு கிளைகள் முளைத்து, நிமிடக் கணக்கில் பூப்போன்ற படிகம் வளர்ந்துவிடும். காற்று பலமாக மேலெழும் இடமும் இந்த அடுக்கும் ஒன்றாக அமைந்துவிட்டால், கீழே ஒரு மணி நேரத்துக்கு ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பனி கொட்டும். நடுநடுவே இடிகூட இடிக்கும்.

அந்தப் படிகம் கீழே வரும் வழியில் பூஜ்யத்தைச் சற்றே தாண்டிய வெப்பக் காற்றடுக்கு ஒன்று குறுக்கே வந்தால் போதும், உருகிவிடும். அப்புறம் தரை நெருங்கும்போது மறுபடி உறைந்தால் பனிக்கட்டி மணிகளாகத் தெறிக்கும். உறையாமல் துளியாகவே வந்து, தரையையும் மின்கம்பியையும் தொட்டவுடன் கண்ணாடிபோல் உறைவதும் உண்டு. இவற்றில் இதுதான் மிக ஆபத்தானது. கரையில் மழை, சற்று உள்ளே பனிக்கட்டி மணி, இன்னும் உள்ளே வெண்பனி என்று சில பத்துக் கிலோமீட்டருக்குள் எல்லாம் மாறிவிடும். ஒரு சென்டிமீட்டர் மழைநீர் சுமார் பத்து சென்டிமீட்டர் பனியாகக் குவியும். நீரின் கணக்கில் செய்யும் சின்னப் பிழை தெருவில் பத்து மடங்காகத் தெரிவது இதனால்தான்.

புயலின் மையம் கரையை ஒட்டி வந்தால் கடல்வெப்பம் உள்ளே புகுந்து நகரங்களில் மழை பெய்யும். அதிகம் விலகிப்போனால் பனி கடலோடு போய்விடும். நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே, வடக்கு 40 டிகிரி, மேற்கு 70 டிகிரி என்ற புள்ளியை அந்தப் பகுதி வானிலையாளர்கள் அடையாளமாக வைத்திருக்கிறார்கள். மையம் அதை ஒட்டிக் கடந்தால் பாஸ்டன் பக்கம் கனத்த பனி.

2015 ஜனவரி கடைசியில் நியூயார்க்குக்கு இரண்டு முதல் மூன்று அடி பனி என்று எச்சரித்தார்கள். சுரங்க ரயிலையும் நிறுத்தினார்கள். புயல் சற்றே கிழக்கே ஒதுங்கியதால் சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது சுமார் 25 சென்டிமீட்டர். அதே புயல் மாசசூசெட்ஸின் வூஸ்டரில் 85 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கணிப்பு தவறிவிட்டதாக அன்று வானிலையாளர்களைத் திட்டியவர்கள் பலர். என்னைக் கேட்டால், அந்த எச்சரிக்கை சரியானதே.

ஏன் என்பதற்கு 1978 பிப்ரவரி 6 சாட்சி. அன்று பாஸ்டனுக்குப் பெரும்பனி என்று சொல்லியிருந்தார்கள். காலையில் பனி தாமதமாகத் தொடங்கியதால், கணிப்பு பொய்த்தது என்று மக்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். பிற்பகலில் வீடு திரும்பியபோது 128-ஆம் எண் நெடுஞ்சாலையில் 3,000-க்கும் மேற்பட்ட கார்கள் பனியில் புதைந்து நின்றன. நகரில் மொத்தம் 69 சென்டிமீட்டர் பனி. குளிருக்காக எஞ்சினை ஓடவிட்டுக் கார்களுக்குள் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர், பனி அடைத்த புகைக்குழாயால் உள்ளே நிறைந்த கார்பன் மோனாக்சைடை மூச்சிழுத்தே இறந்தார்கள். கடலும் ஓதம் ஏறிய நேரத்தில் பொங்கி, கரையோர ஊர்களில் வீடுகளை இடித்துக்கொண்டு போனது.

அந்தப் பக்கம் உங்கள் பிள்ளைகளோ உறவினரோ இருந்தால், புயல் நாளில் இரண்டு விஷயங்களைச் சொல்லி வையுங்கள். காரைக் கிளப்புமுன் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும். ஈரப்பனி மிகவும் கனமானது. மண்வாரியால் ஒரே மூச்சில் அள்ளி இதயத்துக்குச் சுமை ஏற்றாமல், கொஞ்சம் கொஞ்சமாக, நடுநடுவே ஓய்வெடுத்துத் தள்ள வேண்டும்.