சொராரிட்டி இல்லத்தின் இரவுக் காவல்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவியர் நடத்தும் சங்கங்களுக்குச் சொராரிட்டி என்று பெயர். பெரும்பாலானவை கிரேக்க எழுத்துகளையே பெயராகக் கொண்டவை. 1902இல் தோன்றிய தேசிய பான்ஹெலனிக் மாநாடு என்ற கூட்டமைப்பில் மட்டும் 26 சங்கங்கள் இருக்கின்றன. கல்லூரி வளாகத்தை ஒட்டிய பெரிய வீடுகளில் இச்சங்க மாணவியர் பலர் ஒன்றாகத் தங்குகிறார்கள். வீடு பெரும்பாலும் முன்னாள் மாணவியர் அமைப்புக்குச் சொந்தம். காவலரை அமர்த்துவதும் பல இடங்களில் அந்த அமைப்புதான்.

காவலரின் வேலையில் முக்கால் பங்கு கதவுகளைச் சுற்றியே நடக்கிறது. முன்வாசலைவிடச் சமையலறைப் பின்கதவும் வண்டி நிறுத்துமிடத்துக் கதவும்தான் கவலை தருபவை. பின்னால் வரும் தோழிக்காக யாராவது கதவிடுக்கில் செருப்பைச் செருகிவிட்டுப் போவார்கள். ரோந்தில் அதை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும். தீ விபத்தின்போது வெளியேறும் கதவைச் சங்கிலியால் கட்டிவிடவும் கூடாது. வெளியிலிருந்து திறக்க முடியாமலும் உள்ளிருந்து தள்ளினால் உடனே திறக்கும்படியும் அது இருந்தாக வேண்டும். அமெரிக்கக் கால்பந்துப் போட்டி நாள்களில் விருந்தினர் கூட்டம் பெருகும். மாணவி ஒருத்தி கதவைத் திறக்கையில் அவள் பின்னாலேயே அந்நியர் நுழைவது அப்போதுதான் எளிது.

இத்தனை கவனத்துக்கும் காரணம் உண்டு. 1978 ஜனவரி 15 விடியற்காலையில், புளோரிடா மாநிலம் டாலஹாசியில் கை ஒமேகா என்ற சொராரிட்டியின் இல்லத்துக்குள் டெட் பண்டி என்ற கொலைகாரன் புகுந்தான். பின்கதவின் பூட்டு பழுதாகியிருந்தது. இருவர் கொல்லப்பட்டனர், மேலும் இருவர் படுகாயமடைந்தனர். 2014 மே 23 அன்று கலிபோர்னியாவின் ஐலா விஸ்டாவில் ஒரு சொராரிட்டி இல்லத்தின் கதவைத் துப்பாக்கிக்காரன் ஒருவன் பலமாகத் தட்டினான். உள்ளிருந்தவர்கள் திறக்கவில்லை, தப்பினார்கள். வெளியே நின்ற மூன்று பெண்களை அவன் சுட்டான், இருவர் இறந்தனர்.

தனியார் காவலருக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது. துரத்திப் பிடிப்பதைவிட, கவனித்து, அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்து, நடந்ததை நேரத்தோடு எழுதி வைப்பதே அவர் கடமை. ஆபத்து எப்போதும் வெளியிலிருந்து வருவதும் இல்லை. பான்ஹெலனிக் சங்க இல்லங்கள் பெரும்பாலானவற்றில் மதுவுக்கு இடமில்லை என்றாலும், அளவு மீறிக் குடித்துவிட்டு நினைவு தவறிய நிலையில் திரும்புவோர் உண்டு. அப்படிப்பட்டவரைத் தூங்கட்டும் என்று தனியே விடக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மது அருந்த அங்கே 21 வயது ஆக வேண்டும். அதற்கு முன் குடித்துவிட்டு உதவி கேட்பவர் தண்டனைக்கு அஞ்சித் தயங்காதிருக்கப் பல மாநிலங்களில் சட்டப் பாதுகாப்பு உள்ளது.

அது மாணவியர் வாழும் வீடு என்பதைக் காவலர் மறக்கக்கூடாது. தீ எச்சரிக்கை, கூக்குரல் போன்ற அவசரம் இல்லாமல் ஆண் காவலர் படுக்கையறைத் தளத்துக்குப் போகலாகாது. போகும்போதும் உரக்கச் சொல்லிக்கொண்டே ஏற வேண்டும். யார் எத்தனை மணிக்கு, யாருடன் வந்தார் என்று விசாரிப்பது காவல் அல்ல. மாணவியருக்கு மட்டும் இரவு நேரக் கட்டுப்பாடு விதித்த வழக்கத்தை அமெரிக்கக் கல்லூரிகளே 1960களிலும் அதையடுத்தும் கைவிட்டுவிட்டன. துருவித் துருவிக் கேட்கும் காவலரிடம், உண்மையிலேயே பயந்துபோன பெண் வாய் திறக்க மாட்டாள். ஒருவன் சில நாள்களாகத் தன்னைப் பின்தொடர்கிறான் என்று அவள் நம்பிச் சொன்னால்தான் அவனை வாசலில் அடையாளம் காண முடியும்.

பணி முடியும்போது எரியாத விளக்கு, சரியாக விழாத தாழ்ப்பாள், அறிமுகமில்லாத வண்டியின் எண் எல்லாம் பதிவேட்டில் ஏறும். பூட்டுப் பழுதை மட்டும் எழுதியதோடு விடாமல், இல்லப் பொறுப்பாளரிடம் நேரிலும் சொல்லி, அன்றைக்கே ஆள் வரவழைக்கச் செய்ய வேண்டும்.