பழைய கருவியும் புதிய மென்பொருளும்

உங்கள் இல்லத்தில் எத்தனை கைபேசிகள் உள்ளன என்று சற்றே எண்ணிப் பாருங்கள். மகன் புதியதொன்று வாங்கியதும் அவனுடைய பழையது வாப்பாவின் கைக்கு வருகிறது. வாப்பாவினுடையது உம்மாவுக்குப் போகிறது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை அனுப்பும் படங்களை உம்மா காண்பதும், குரல்பதிவைக் கேட்பதும் அந்தப் பழைய கருவியில்தான். ஒரு நாள் அதன் திரையில், புதிய மென்பொருள் வந்திருப்பதாக அறிவிப்பு ஒன்று தோன்றுகிறது. ஏற்றுக்கொண்டால் கருவி தடுமாறுமோ என்ற அச்சம். மறுத்தால் ஏதேனும் இழப்பு நேருமோ என்ற ஐயம்.

விற்று முடித்த பழைய கருவிகளுக்கும் புதிய மென்பொருள் வசதிகளை உற்பத்தியாளர்கள் வழங்கத்தான் வேண்டுமா? இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஏன் என்பதைப் பார்ப்போம்.

இத்தாலியில் விதித்த அபராதம்

2018 அக்டோபரில் இத்தாலி நாட்டின் வணிகப் போட்டி ஆணையம், சாம்சங் நிறுவனத்திற்கு 50 இலட்சம் யூரோவும், ஆப்பிள் நிறுவனத்திற்கு 1 கோடி யூரோவும் அபராதம் விதித்தது. குற்றம் என்ன தெரியுமா? பழைய கைபேசிகளுக்குப் புதிய மென்பொருளைக் கொடுத்ததுதான்!

2014இல் வெளிவந்த கேலக்ஸி நோட் 4 கைபேசியை வைத்திருந்தோரிடம், நோட் 7 என்னும் புதிய மாதிரிக்காக ஆயத்தம் செய்த ஆண்ட்ராய்டு மென்பொருளை ஏற்றிக்கொள்ளுமாறு சாம்சங் வற்புறுத்தியது. ஐபோன் 7க்காக உருவாக்கிய மென்பொருளை ஐபோன் 6 வைத்திருந்தோரிடம் ஆப்பிள் நீட்டியது. அதனால் கருவிக்கு என்ன நேரக்கூடும் என்பதை இரு நிறுவனங்களும் உரியவாறு தெரிவிக்கவில்லை. பழைய நிலைக்குத் திரும்பிச் செல்லவும் வழி வைக்கவில்லை. இதுவே ஆணையம் கண்ட குறை.

இதற்கு முன்பே, 2017 டிசம்பரில், மின்கலம் தேய்ந்த ஐபோன்களின் வேகத்தைத் தன் மென்பொருளே குறைக்கிறது என்பதை ஆப்பிள் ஒப்புக்கொண்டிருந்தது. கருவி திடீரென அணைந்துவிடாமல் காப்பதற்காகவே அவ்வாறு செய்ததாக விளக்கம் கூறியது. அந்த விளக்கத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் உடைமைக்காரருக்கு முன்னரே சொல்லியிருந்தால், புதிய கைபேசிக்குப் பதிலாகப் புதிய மின்கலம் ஒன்றை வாங்கிக்கொண்டு அவர் நிம்மதியாக இருந்திருப்பாரே! பின்னர் அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது.

மனமிருந்தால் மார்க்கமுண்டு

அப்படியானால் பழைய கருவிக்குப் புதிய மென்பொருளே கூடாதா? அவ்வாறு முடிவு கட்டிவிடலாகாது. 2018இல் அதே ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 12ஐ வெளியிட்டபோது, பழைய கருவிகளின் வேகத்தைக் கூட்டுவதையே முதல் நோக்கமாகக் கொண்டது. 2013இல் வெளிவந்த ஐபோன் 5எஸ் கூட அதனைப் பெற்றது. ஆக, முதுமை மட்டுமே கருவியின் தடுமாற்றத்திற்குக் காரணமன்று. பழைய கருவியை மனத்தில் கொண்டு எழுதிய மென்பொருள் அதற்கு வலுவூட்டும். புதிய கருவிக்கென எழுதியதை அப்படியே திணித்தால் அதனை முடக்கும்.

நெதர்லாந்தின் ஃபேர்போன் என்னும் சிறிய நிறுவனத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2015இல் அது வெளியிட்ட ஃபேர்போன் 2இன் சில்லுக்கு, அதனைச் செய்த பெருநிறுவனம் புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகளுக்கான துணையை நிறுத்திவிட்டது. ஆயினும் ஃபேர்போன் தானே முயன்று, 2023 வரை அக்கருவியைக் காத்து வந்தது.

உண்மையிலேயே இயலாதவையும் உண்டு. 2024இல் ஆப்பிள் அறிவித்த செயற்கை நுண்ணறிவு வசதிகள், அதற்கு முந்தைய ஆண்டுதான் வெளிவந்த ஐபோன் 15க்கே கிடைக்கவில்லை. ஐபோன் 15 புரோவுக்குக் கிடைத்தன. முன்னதன் நினைவகம் 6 ஜிபி. பின்னதன் நினைவகம் 8 ஜிபி. இத்தகைய வசதி கிடைக்காததால் குடும்பத்திற்குப் பெரிய நட்டம் ஒன்றுமில்லை.

அலங்காரம் வேறு, பாதுகாப்பு வேறு

ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களின் நிலை அப்படியன்று. 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்னும் தீய மென்பொருள் ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளை முடக்கியது. பிரிட்டனில் மருத்துவமனைகளே திணறின. 2001இல் வெளிவந்து, 2014இலேயே ஆதரவு நின்றுபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் அப்போது விதிவிலக்காகத் திருத்தம் வழங்கியது. ஐபோன் 5எஸுக்கும் 2023 ஜனவரியில், அதாவது 9 ஆண்டுகள் கழிந்த பின்னும், பாதுகாப்புத் திருத்தம் வந்தது. இன்று வங்கிக் கணக்கும் பிள்ளைகளின் படங்களும் கைபேசிக்குள்தான் இருக்கின்றன. வீட்டை விற்றவர் அதன் பூட்டில் பழுதிருப்பதை அறிந்தும் சொல்லாமல் இருப்பது முறையாகுமா?

எனவே உற்பத்தியாளரிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று. பாதுகாப்புத் திருத்தங்களை, முன்னரே அறிவித்த காலம் வரை தவறாது தரவேண்டும். புதிய வசதிகளைக் கருவி தாங்குமானால் மட்டும், விளைவை மறைக்காமல் தரவேண்டும். வேண்டாம் என்போர்க்கு மறுக்கவும், ஏற்றுக்கொண்டோர்க்குப் பழைய நிலைக்குத் திரும்பவும் வழி வைக்கவேண்டும்.

உலகம் இத்திசையில் நகரத் தொடங்கியிருக்கிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்புத் திருத்தம் எந்நாள் வரை கிடைக்கும் என்பதை உற்பத்தியாளர் அறிவித்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதிகள் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்தன. ஒரு மாதிரியைச் சந்தைக்கு அனுப்புவது நின்ற பின்னும் 5 ஆண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பு கிடைக்க வேண்டும் என்பது அவற்றின் நோக்கம். கூகுள் 2023இல் பிக்சல் 8க்கும், சாம்சங் 2024இல் கேலக்ஸி எஸ்24க்கும் 7 ஆண்டுகள் வழங்குவதாக உறுதி கூறின. விலை குறைந்த மாதிரிகள் பலவற்றுக்கு இவ்வளவு நீண்ட உறுதி இல்லை. நம்மில் பெரும்பாலோர் வாங்குவதோ அவற்றைத்தான்.

ஆகவே, அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது விலையையும் நிறத்தையும் கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். "பாதுகாப்புத் திருத்தம் எந்த ஆண்டு வரை வரும்?" என்றும் கேளுங்கள். வீட்டிலுள்ள பழைய கைபேசியின் அமைப்புகள் பகுதியைத் திறந்து, கடைசியாகத் திருத்தம் வந்த நாளையும் பாருங்கள். அது நின்று நெடுநாளாயிருந்தால், அக்கருவியைப் பேசுவதற்கும் படம் பார்ப்பதற்கும் வைத்துக்கொண்டு, வங்கிச் செயலியை அதிலிருந்து இன்றே நீக்கிவிடுங்கள்.