பெடலை மேலே இழுக்க வேண்டுமா?

காலணியோடு பூட்டிக்கொள்ளும் ‘கிளிப்லெஸ்’ பெடல் வாங்கினால், ஏறும் காலாலும் பெடலை மேலே இழுத்து வேகத்தைக் கூட்டலாமா என்று கேட்கிறார் ஒரு வாசகர். விற்பவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அளந்து பார்த்தவர்கள் வேறு சொல்கிறார்கள்.

2007இல் ஆய்வாளர் தாமஸ் கோர்ஃப் குழுவினர், தேர்ந்த சைக்கிள் வீரர்களை வெவ்வேறு விதமாக மிதிக்கச் சொல்லி, செலவான ஆக்சிஜனைக் கணக்கிட்டார்கள். மேலே இழுத்தபோது விசை சுற்று முழுக்கச் சீராகப் பரவியது. ஆனால் அதே வேலைக்கு உடல் கூடுதல் ஆற்றலைச் செலவழித்தது. ‘வட்டமாக மிதி’ என்ற பிரபலமான அறிவுரையாலும் ஆதாயம் கிடைக்கவில்லை.

காரணம் அழகானது. 60 கிலோ எடையுள்ளவரின் ஒரு கால் ஏறக்குறைய 10 கிலோ இருக்கும். ஏறும் கால் தன் எடையால் பெடலைக் கீழே அழுத்துவதை விசைமானி காட்டும். பார்த்தால் நஷ்டம் போலத்தான் இருக்கும். இரட்டை வாளிக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். ராட்டினத்தில் ஒரே கயிறு, இரு முனையிலும் வாளி. இறங்கும் வாளியே ஏறும் வாளியின் எடையைத் தூக்கிவிடுகிறது. தண்ணீரின் எடை மட்டுமே நம் கைக்கு. கால்களும் அப்படித்தான். இரு பெடல்களையும் இணைக்கும் கிராங்க்தான் கயிறு, எதிர்க்காற்றும் சாலையின் தடையும்தான் தண்ணீர். ஏறும் வாளியை இழுக்கத் தனி ஆள் வைத்தால் அவருக்கும் கூலி தர வேண்டும். இடுப்பை மடக்கும் தசைதான் அந்த ஆள். கூலி அதிகம், வேலை குறைவு.

பெரிய வேலையைச் செய்பவை புட்டத் தசையும் முன்தொடைத் தசையும். கிராங்க் முன்பக்கம் தரைக்கு இணையாக வரும்போது அவற்றின் விசை உச்சத்தைத் தொடுகிறது. அந்த நேரத்தில் கெண்டைக்கால் தசை இறுகிக் கணுக்காலை விறைப்பாகப் பிடித்துக்கொள்கிறது. பிடிக்காவிட்டால் குதிகால் தொய்ந்து, விசை பெடலுக்குப் போய்ச் சேராது.

பூட்டுப் பெடலின் வரலாறு சுருக்கமானது: 1985இல் பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ ‘லுக்’ நிறுவனத்தின் பூட்டுப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார், பிறகு எங்கும் பரவியது. வேகமாகச் சுழற்றும்போது கால் வழுக்காமலிருக்க அது நல்ல கருவி. சில விநாடிப் பாய்ச்சலில் இழுப்பும் உதவும். நீண்ட பயணத்துக்கு உதவாது.

காசைச் செலவழிக்குமுன் சீட்டின் உயரத்தைச் சரிபாருங்கள். பெடல் அடிக்கு வரும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கையில் சற்றே மடங்கியிருக்க வேண்டும். இதற்கு ஒரு ஸ்பேனர் போதும். பிறகு கீழ்நோக்கி நன்றாக மிதியுங்கள். ஏறும் காலை அதன் போக்கில் விடுங்கள்.