மலையில் மூட்டும் நெருப்பு

வானையும் பூமியையும் படைத்த வல்ல அல்லாஹ், அவற்றிலுள்ள பொருள்களை மனிதனிடம் அமானிதமாகவே ஒப்படைத்திருக்கின்றான். நிலத்திலும் நீரிலும் தோன்றும் சீர்கேடுகளுக்கு மனிதக் கரங்களின் செயல்களே காரணம் என்பதைத் திருக்குர்ஆனின் ‘அர்ரூம்’ அத்தியாயம் (30:41) உணர்த்துகின்றது.

இவ்வுண்மையைக் காணத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. கச்சிராயபாளையத்தில் நின்று கல்வராயன் மலையை நோக்கினாலே போதும். மாசி, பங்குனியில் அம்மலைச் சரிவுகளில் புல்லும் இலையும் சருகாகிக் கிடக்கும். ஒரு பொறி போதும். நம் நாட்டின் காட்டுத் தீக்களில் மிகப் பெரும்பாலானவை மனிதரால் மூள்பவை. புதுப்புல் தழைப்பதற்காக வைக்கும் தீ, வேட்டைக்காக விலங்கை விரட்டும் தீ, களவாக வெட்டிய மரத்தின் தடயத்தை மறைக்கும் தீ, அணைக்காமல் எறிந்த பீடித்துண்டு ஆகியவை யாவும் ஒன்றுபோலவே காட்டை அழிக்கின்றன.

எரிவது மரம் மட்டுமா? கடுக்காய் பொறுக்கி வாழும் மலைமக்களின் பிழைப்பும் எரிகிறது. மண்ணைப் போர்த்திருந்த சருகு சாம்பலானபின், மழைநீர் உள்ளே இறங்காமல் மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடுகிறது. ஊற்றுகள் வற்றுகின்றன; அடிவாரத்துக் கோமுகி அணையில் வண்டல் படிகிறது. மலைமேல் ஒருவன் வைத்த தீயின் இழப்பை, கீழே வயலில் நிற்கும் உழவர் சுமக்கிறார். உயிரிழப்பும் நேர்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தின் குரங்கணி மலையில் பரவிய தீ, மலையேறச் சென்றவர்களுள் 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது.

மதீனாவில் ஓர் இரவு, ஒரு வீடு குடும்பத்தினரோடு தீப்பற்றிய செய்தி எட்டியபோது, நெருப்பு உங்கள் பகையென்றும், உறங்குமுன் அதனை அணைத்துவிட வேண்டுமென்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். இது புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. எறும்புப் புற்று ஒன்று எரிக்கப்பட்டதைக் கண்டபோதோ, நெருப்பால் தண்டிக்கும் உரிமை நெருப்பின் இறைவனுக்கே உண்டு எனக் கண்டித்தார்கள் என்று அபூதாவூத் நூல் கூறுகிறது. ஓர் எறும்புப் புற்றுக்கே இக்கண்டிப்பு என்றால், ஒரு மலைக்காட்டின் உயிர்களுக்கு என்ன சொல்வோம்?

“நான் வேண்டுமென்று செய்யவில்லையே” என்பார் உளர். ஒருவர் தம் சொந்த நிலத்திலேயே, காற்று ஓங்கி வீசும் வேளையில் நெருப்பு மூட்டி, அது அயலார் நிலத்தை எரித்தால், இழப்புக்கு அவரே ஈடு செய்யவேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் விதிக்கின்றன. தவறுதலாக நேர்ந்ததற்குப் பாவம் இல்லாமற் போகலாம். பொறுப்பு இல்லாமற் போகாது.

காப்புக்காட்டில் தீ வைப்பதை 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமும் தடுக்கிறது. சட்டத்தின் பிடிக்கு ஒருவன் தப்பிவிடலாம். ஆனால் இது ஹக்குல் இபாத், அடியார்களின் உரிமை. உரியவர் மன்னிக்காதவரை தவ்பா முழுமை பெறாது. நூறு ஊர்களின் நீரைக் கெடுத்தவன் யார் யாரைத் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்பான்? வாயில்லா உயிர்களிடம் எந்த மொழியில் கேட்பான்?

ஆகவே, கோடையில் காட்டோரம் செல்வோர் தீப்பொறியும் விடாதிருப்பதும், புகை கண்டால் வனத்துறைக்கு உடனே அறிவிப்பதும் மார்க்கக் கடமை எனக் கொள்வோமாக. நம் கரங்களால் பூமியில் சீர்கேடு விளையாமல் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.