தளத்தில் பாதுகாப்புச் சாவி

கடவுச்சொல்லும் ஓடிபியும் சேர்ந்தே தோற்கும் இடம் ஒன்று உண்டு. அசலைப் போலவே இருக்கும் போலிப் பக்கத்தில் ஒருவர் அவற்றைத் தட்டிவிட்டால், மோசடிக்காரர் உடனே உண்மையான தளத்தில் அவற்றைப் போட்டு உள்ளே போய்விடலாம். யூஎஸ்பியில் செருகும் பாதுகாப்புச் சாவி இந்த வழியை அடைக்கிறது. 2022இல் கிளவுட்ஃபிளேர் நிறுவன ஊழியர்களுக்குப் போலிக் குறுஞ்செய்திகள் வந்தன. மூன்று பேர் ஏமாந்து கடவுச்சொல்லைக் கொடுத்தும் விட்டார்கள். எல்லோருக்கும் பாதுகாப்புச் சாவி கட்டாயமாக இருந்ததால் திருடர்களால் உள்ளே நுழைய முடியவில்லை.

இதற்கான பொது நெறிமுறை வெப்ஆத்தன். டபிள்யூ3சி அமைப்பு 2019 மார்ச்சில் இதை வெளியிட்டது. தளம் எச்டிடிபிஎஸ்-இல் இயங்கினால்தான் பிரவுசர் இதற்கு இடம் கொடுக்கும். சோதனைக்காக லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் விலக்கு உண்டு.

முதல் வேலை சாவியைப் பதிவுசெய்வது. சர்வர் 16 பைட்டுக்குக் குறையாத ஒரு தற்செயல் எண்ணை உருவாக்கி, செஷனில் வைத்துக்கொண்டு, பிரவுசருக்கு அனுப்புகிறது. சாவியின் விளக்கு மினுக்குகிறது, பயனர் தொடுகிறார். அந்தத் தளத்துக்கென்றே தனிச்சாவி, பொதுச்சாவி என்ற ஒரு சாவி இணை பிறக்கிறது. தனிச்சாவி கருவியை விட்டு வெளியே வருவதில்லை. பொதுச்சாவியும் ஓர் அடையாள எண்ணும் சர்வருக்கு வருகின்றன. இவற்றுக்குத் தனி டேபிள் வேண்டும். பயனர் டேபிளிலேயே ஒரு நெடுவரிசையாகச் சேர்த்துவிட்டால், ஒருவர் இரண்டாவது சாவியைப் பதிவுசெய்ய வழியில்லாமல் போகும்.

அடுத்தது உள்நுழைவு. சர்வர் புதிதாக ஓர் எண்ணை அனுப்ப, சாவி கையொப்பமிட்டுத் தருகிறது. கையொப்பமாகும் தகவலில், பயனர் எந்தத் தளத்தில் இருக்கிறார் என்பதை எழுதுவது பிரவுசர். வலைப்பக்கத்தில் உள்ள நிரலால் அதை மாற்ற முடியாது. போலித் தளம் தோற்பது இங்கேதான்.

ஆனால் இந்தப் பலன் கிடைப்பது சர்வர் ஒழுங்காகச் சரிபார்த்தால்தான். கையொப்பம் சரியா என்று மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவது பெரும் தவறு. தான் அனுப்பிய எண்தானா, தன் முகவரிதானா, பயனர் தொட்டாரா என்பவற்றையும் பார்த்தாக வேண்டும். ஒருமுறை பயன்பட்ட எண்ணை உடனே அழித்துவிட வேண்டும். சாவி ஒவ்வொரு கையொப்பத்தோடும் அனுப்பும் எண்ணிக்கை மீட்டர் முன்பைவிடக் குறைந்திருந்தால் சாவி நகலெடுக்கப்பட்டிருக்கலாம்; எப்போதும் பூஜ்யமே அனுப்பும் கருவிகளும் உண்டு என்பதால் அவற்றைத் தள்ளிவிடக் கூடாது. இவ்வளவையும் சொந்தமாக எழுதுவதைவிட, நன்கு சோதிக்கப்பட்ட நூலகம் ஒன்றை எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

டொமைன் பெயரைத் தொடக்கத்திலேயே யோசித்து முடிவு செய்ய வேண்டும். ‘லாகின்.எக்ஸாம்பிள்.காம்’ என்று பதிந்த சாவி, தளம் பிறகு ‘கணக்கு’ என்ற வேறொரு துணை டொமைனுக்கு மாறினால் அங்கே செல்லாது. ‘எக்ஸாம்பிள்.காம்’ என்று பதிந்திருந்தால் இரண்டிலும் செல்லும்.

சாவி தொலைந்துபோகும், அதற்கும் வழி செய்து வைக்க வேண்டும். பதிவின்போதே இரண்டு சாவிகளைக் கேட்பதும், அச்சிட்டு வைத்துக்கொள்ளும் மீட்புக் குறியீடுகளைத் தருவதும் நல்லது. சாவி இல்லாதவருக்குக் குறுஞ்செய்தி ஓடிபி போதும் என்று விட்டுவிட்டால், மோசடிக்காரர் சாவியின் பக்கமே வரமாட்டார். நேராக ஓடிபியைக் கேட்பார். புதிய சாவியைச் சேர்க்கும்போதும் பழையதை நீக்கும்போதும், ஏற்கெனவே பதிவான ஒரு சாவியை மீண்டும் தொடச் சொல்ல வேண்டும். இல்லையென்றால், திறந்து கிடக்கும் ஒரு செஷனைக் கைப்பற்றியவர் தன் சாவியையே அந்தக் கணக்கில் பதிந்துவிடுவார்.